பியர் ஆகஸ்ட் ரெனுவார்

பியர் ஆகஸ்ட் ரெனுவார் (பெப்ரவரி 25, 1841 – டிசம்பர் 3, 1919) பிரான்சு நாட்டைச் சேர்ந்த புகழ்பெற்ற ஓவியர் ஆவார். உணர்வுப்பதிவுவாதம் எனப்படும் ஓவிய இயக்கத்தைத் தொடங்கியவர்களுள் இவரும் ஒருவர். மக்கள் கூடி மகிழும் காட்சிகள், பெண்கள், குழந்தைகள், மலர்கள் ஆகியவற்றை ஒளி மிகுந்த வண்ணங்களில் வரைந்தமைக்காக இவர் அறியப்படுகிறார். வாழ்வின் இறுதி 25 ஆண்டுகளுக்கும் மேலாக முடக்கு வாதம் என்னும் மூட்டு நோயினால் துன்புற்றார். விரல்கள் மடங்கி, நடக்க இயலாது போன பின்னரும் இறக்கும் வரை ஓவியம் வரைவதை இவர் விடவில்லை. இக்கட்டுரை ரெனுவாரின் வாழ்க்கையையும், தீராத வலியுடன் அவர் தம் அன்றாடப் பணியை அமைத்துக்கொண்ட முறையையும் விளக்குகிறது.

இளமை

ரெனுவார் பிரான்சின் லிமோஜ் நகரில் பிறந்தார். தந்தை லெயோனார் தையற்காரர். தாய் மார்கரீத் மெர்லே தையல் வேலை செய்தவர். 1844 இல் குடும்பம் பாரிசு நகருக்குக் குடிபெயர்ந்தது. வறுமை காரணமாக, 13 ஆவது வயதில் ரெனுவார் பீங்கான் பாத்திரங்களில் பூவேலை தீட்டும் பட்டறை ஒன்றில் தொழில் பழகச் சேர்க்கப்பட்டார். பீங்கானில் இயந்திரத்தால் படம் அச்சிடும் முறை வந்தபோது அத்தொழில் நலிந்தது. அதன் பின் விசிறிகளிலும் சாளரத் திரைகளிலும் படம் வரைந்து பொருளீட்டினார். 1860 இல் லூவர் அருங்காட்சியகத்தில் பழைய ஓவியங்களைப் பார்த்து வரைவதற்கு அனுமதி பெற்றார்.

பட்டறை வேலை இவருக்கு இரு வகையில் பயன்பட்டது. மென்மையான தூரிகையால் மெல்லிய வண்ணங்களைத் தீட்டும் பழக்கம் அங்கே கிடைத்தது. நாள்தோறும் குறித்த நேரத்தில் அமர்ந்து வேலை செய்யும் தொழிலாளியின் ஒழுங்கும் அங்கே உருவானது. பிற்காலத்தில் நோயுற்றபோது இரண்டாவது பழக்கமே பெரிதும் துணை நின்றது.

ஓவிய வாழ்க்கை

1861 இல் சார்லசு கிளெயரின் ஓவியக்கூடத்தில் சேர்ந்த ரெனுவார், குளோட் மோனே, அல்பிரட் சிசுலி, பிரெடெரிக் பசீல் ஆகியோருடன் நட்புக் கொண்டார். 1869 இல் மோனேயும் இவரும் செய்ன் ஆற்றங்கரையில் லா கிரெனூயேர் என்னும் இடத்தில் அருகருகே அமர்ந்து வரைந்த ஓவியங்கள் உணர்வுப்பதிவுவாதத்தின் தொடக்க காலப் படைப்புகளாகக் கருதப்படுகின்றன. 1874 இல் நடைபெற்ற உணர்வுப்பதிவுவாதிகளின் முதல் கண்காட்சியில் இவரது ஓவியங்களும் இடம்பெற்றன. அக்குழுவினர் நடத்திய எட்டுக் கண்காட்சிகளுள் நான்கில் இவர் பங்கேற்றார்.

மூலேன் தெ லா கலேத் நடன விழா (1876), படகு விருந்தினரின் மதிய உணவு (1880–1881) ஆகியவை இவரது பெயர் பெற்ற ஓவியங்கள். முதலாவது பாரிசின் ஓர்சே அருங்காட்சியகத்திலும், இரண்டாவது வாசிங்டனில் உள்ள பிலிப்சு தொகுப்பிலும் உள்ளன. 1879 ஆம் ஆண்டுக் கண்காட்சியில் வைக்கப்பட்ட சார்பாந்தியே அம்மையாரும் குழந்தைகளும் என்னும் ஓவியம் இவருக்குச் செல்வர்களிடையே மதிப்பைப் பெற்றுத் தந்தது. 1881 இல் இத்தாலி சென்று ராபேலின் ஓவியங்களைக் கண்ட பின்னர், சில ஆண்டுகள் கோடுகளுக்கு முதன்மை தரும் முறையில் வரைந்தார். 1892 இல் பிரான்சு அரசு இவரது ஓவியம் ஒன்றை விலைக்கு வாங்கியது. பொருள் நெருக்கடி நீங்கி, புகழ் நிலைபெறத் தொடங்கிய அதே காலத்தில்தான் நோயும் தொடங்கியது.

குடும்பம்

எசுவா என்னும் சிற்றூரைச் சேர்ந்த அலீன் சாரிகோ என்பவரை ரெனுவார் 1890 இல் மணந்தார். இவர்களுக்கு மூன்று மகன்கள். மூத்தவர் பியர் (1885–1952) நடிகர். இரண்டாமவர் சான் (1894–1979) உலகப் புகழ் பெற்ற திரைப்பட இயக்குநர். மூன்றாமவர் குளோட் (1901–1969) மட்பாண்டக் கலைஞர். சான் ரெனுவார் 1962 இல் வெளியிட்ட தந்தையைப் பற்றிய நூல், ஓவியரின் வீட்டு வாழ்க்கையை அறிய முதன்மையான சான்றாக உள்ளது. ஆயினும் அது தந்தை இறந்து 40 ஆண்டுகளுக்குப் பின் நினைவிலிருந்து எழுதப்பட்டது என்பதைக் கருத்திற் கொள்ள வேண்டும்.

நோயின் தொடக்கம்

1892 ஆம் ஆண்டையொட்டி ரெனுவாருக்கு மூட்டு வலி தோன்றியது. 1897 இல் எசுவாவில் மிதிவண்டியிலிருந்து விழுந்ததில் வலக்கை எலும்பு முறிந்தது. நோய்க்கு இவ்விபத்தே காரணம் என்று குடும்பத்தினர் எண்ணினர். ஆனால் வலி அதற்கு முன்பே இருந்தது. 1898 இன் இறுதியில் கடுமையான நோய்த் தாக்குதல் ஏற்பட்டது. அதன் பின்னர் நோய் குறைவதும் மிகுவதுமாக, ஆயினும் மொத்தத்தில் வளர்ந்தே வந்தது.

முடக்கு வாதம் என்பது உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு தன் மூட்டுகளின் உட்சவ்வையே தாக்குவதால் உண்டாகும் நோயாகும். சவ்வு வீங்கித் தடித்து, நாளடைவில் குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. இரு கைகளின் சிறு மூட்டுகளும் ஒருங்கே பாதிக்கப்படுவதும், காலையில் எழும்போது மூட்டுகள் இறுகியிருப்பதும், உடற்சோர்வும் இதன் அறிகுறிகள். முதுமையில் மூட்டுத் தேய்வதால் வரும் வலியிலிருந்து இது வேறுபட்டது.

அக்காலத்தில் இந்நோயின் போக்கைத் தடுக்கும் மருந்து எதுவும் இல்லை. வலி குறைக்கும் மருந்துகளும் வெந்நீர் ஊற்றுகளில் குளிப்பதுமே மருத்துவமாக இருந்தன. ரெனுவாரும் பூர்போன்-லெ-பேன் போன்ற ஊற்று நகரங்களுக்குச் சென்றார். ஆனால் பெரும்பயன் கிடைக்கவில்லை. குளிர் மூட்டுகளை வருத்தியதால், குளிர்காலத்தைத் தெற்கு பிரான்சில் கழிக்கலானார். உடல் மெலிந்து எடை 50 கிலோகிராமுக்கும் கீழே இறங்கியது. முதலில் ஒரு கைத்தடி, பிறகு இரண்டு, பின்னர் அக்குளில் தாங்கும் கட்டைகள் என மாறி, 1912 வாக்கில் சக்கர நாற்காலியே கதி என்றாயிற்று.

லே கொலெத் தோட்டம்

1907 இல் ரெனுவார் நடுநிலக் கடற்கரைக்கு அருகே கான்யே-சூர்-மேர் என்னும் ஊரில் லே கொலெத் என்ற தோட்டத்தை வாங்கினார். அங்கிருந்த பழமையான ஒலிவ மரங்கள் வெட்டப்படாமல் காப்பதும் அதை வாங்கியதற்கு ஒரு காரணமாகும். அங்கே கட்டிய புதிய வீட்டில் 1908 இல் குடும்பம் குடியேறியது.

இத்தோட்டம் நோயாளியின் தேவைக்கு ஏற்றதாக அமைந்தது. வரைவதற்கு வேண்டிய மரம், மலர், வெயில், கடற்காட்சி அனைத்தும் வீட்டு எல்லைக்குள்ளேயே இருந்தன. இளமையில் ஆற்றங்கரைகளுக்கும் நடன அரங்குகளுக்கும் தேடிச் சென்று வரைந்தவர், இப்போது தம் வீட்டைச் சுற்றியுள்ளவற்றையே வரைபொருளாக்கிக் கொண்டார். தோட்டத்தில் பெரிய சாளரங்கள் கொண்ட சிறிய ஓவியக் குடில் ஒன்றும் அமைக்கப்பட்டது. துணித் திரைகளை இழுத்தும் விலக்கியும் உள்ளே வரும் ஒளியைக் கட்டுப்படுத்தலாம். வெளியில் அமர்ந்து வரைவதற்கு ஈடான ஒளியும், காற்றிலிருந்தும் குளிரிலிருந்தும் காப்பும் அதில் கிடைத்தன.

அன்றாட நடைமுறை

ரெனுவாருக்கு இரவே கடினமான பொழுதாக இருந்தது. மெலிந்த உடலில் போர்வை உரசினாலும் புண் உண்டாகும் என்பதால், போர்வை மேலே படாதவாறு கட்டிலின் மீது ஒரு சட்டம் வைக்கப்பட்டது என சான் குறிப்பிடுகிறார். காலையில் எழுப்பிக் கழுவி உடுத்துவதற்கே பிறர் உதவியும் நெடுநேரமும் தேவைப்பட்டன. அதன் பின் நாற்காலியில் வைத்து ஓவியக் குடிலுக்கோ தோட்டத்திற்கோ தூக்கிச் செல்வர். முற்பகலில் வரைவார். மதிய உணவுக்குப் பின் மீண்டும் ஒளி மங்கும் வரை வரைவார். நோய் மிகும் நாட்களில் வேலை குறையும், அல்லது நிற்கும். தணிந்தவுடன் அதே ஒழுங்கு மீண்டும் தொடரும்.

நோயின் முற்பகுதியில் கைகளின் இயக்கத்தைக் காக்கச் சிறு தோல் பந்துகளை மாறி மாறி எறிந்து பிடிக்கும் பயிற்சியை நாள்தோறும் செய்தார். விரல்கள் அதற்கு இடங்கொடாதபோது, வழவழப்பாக்கப்பட்ட சிறு மரக்கட்டை ஒன்றைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார். அதுவும் முடியாதபோது பயிற்சியை விட்டார். இயலாத ஒன்றை விட்டு, அதற்கு அடுத்த எளிய ஒன்றைக் கைக்கொள்வது என்பதே இவரது வழக்கமாக இருந்தது.

கருவிகளில் செய்த மாற்றங்கள்

உடலால் இயலாதவற்றைக் கருவிகளைக் கொண்டு ரெனுவார் ஈடுசெய்தார். வண்ணத்தட்டைக் கையில் ஏந்த முடியாததால் அது மடியிலோ நாற்காலியோடு இணைத்தோ வைக்கப்பட்டது. பெரிய ஓவியங்களை வரைவதற்கு ஒரு பொறியமைப்புப் பயன்பட்டது. அதில் கித்தான் துணி மேலும் கீழும் உள்ள உருளைகளில் சுற்றப்பட்டிருக்கும். உருளையைச் சுழற்றினால் வரைய வேண்டிய பகுதி ஓவியரின் கை எட்டும் உயரத்திற்கு வந்து நிற்கும். எழுந்து நிற்கவோ கையை உயர்த்தவோ வேண்டியதில்லை. கை கித்தானை நோக்கிச் செல்வதற்கு மாறாக, கித்தான் கையை நோக்கி வந்தது.

தூரிகை கையில் கட்டப்பட்டதா?

ரெனுவாரின் கையில் தூரிகையைக் கயிற்றால் கட்டிவிட்டனர் என்ற செய்தி பல நூல்களில் காணப்படுகிறது. இது சரியன்று. அவரது விரல்கள் உள்நோக்கி மடங்கியிருந்தமையால் நகங்களும் தூரிகைக் காம்பும் உள்ளங்கைத் தோலைப் புண்படுத்தின. அதைத் தடுக்கவே மாவுத்தூள் தூவி மெல்லிய துணி சுற்றப்பட்டது. நிழற்படங்களில் காணப்படும் அத்துணியே இத்தவறான கருத்துக்கு இடமளித்தது. தூரிகையை எடுத்து விரல்களுக்கிடையே வைப்பதற்கும் மாற்றுவதற்கும் பிறர் உதவி தேவைப்பட்டது. வைத்த பின் அதைப் பிடித்து இயக்கியவர் அவரே.

1915 இல் சாசா கித்ரி என்பவர் எடுத்த திரைப்படத்தில் ரெனுவார் வரையும் காட்சி இடம்பெற்றுள்ளது. மடங்கிய கையுடன் அவர் விரைவாகத் தூரிகையை இயக்குவதையும், இளைய மகன் அருகிருந்து உதவுவதையும் அதில் காணலாம். மணிக்கட்டும் விரல்களும் இறுகிய நிலையில் கை முழுவதையும் அசைத்தே கோடுகளை அவர் தீட்டினார்.

நடையைக் கைவிட்டமை

சக்கர நாற்காலிக்கு வந்த காலத்தில் நிகழ்ந்ததாக சான் ஒரு செய்தியைக் கூறுகிறார். மருத்துவர் ஒருவர் ரெனுவாரை மீண்டும் நடக்க வைக்க முடியும் என்று உறுதியளித்துச் சில வாரங்கள் மருத்துவம் செய்தார். ஒரு நாள் அவரை நாற்காலியிலிருந்து எழுந்து நிற்கச் செய்தார். ரெனுவார் பெருமுயற்சியுடன் சில அடிகள் வைத்து, ஓவியத் தாங்கியைச் சுற்றி நடந்து, மீண்டும் நாற்காலிக்கு வந்தார். குடும்பத்தினர் மகிழ்ந்தனர். ஆனால் ரெனுவார், நடப்பதற்குத் தம் மன உறுதி முழுவதும் செலவாகிவிடுகிறது என்றும், அப்படியானால் வரைவதற்கு எதுவும் எஞ்சாது என்றும் கூறி, நடக்கும் முயற்சியை அத்துடன் நிறுத்திக்கொண்டார். அதன் பின் அவர் நடக்கவேயில்லை.

இதைச் சோர்வினால் எடுத்த முடிவாகக் கொள்ள இயலாது. நாளொன்றுக்குக் கிடைக்கும் ஆற்றல் ஓரளவே என்பதை அவர் ஏற்றுக்கொண்டு, அதை எதற்குச் செலவிடுவது என்பதைத் தாமே முடிவு செய்தார். மூட்டு நோயாளிகளுக்கு இன்று தொழில்வழிச் சிகிச்சையாளர்கள் கற்பிக்கும் ஆற்றல் சேமிப்பு முறையும் இதே அடிப்படையைக் கொண்டது. முதன்மையான செயலுக்கு ஆற்றலை ஒதுக்குதல், ஏனையவற்றைப் பிறரிடமோ கருவியிடமோ விடுதல், வேலைக்கும் ஓய்வுக்கும் முறை வகுத்தல், மூட்டுகளுக்குச் சுமை குறைத்தல் ஆகியன அம்முறையின் கூறுகள். ஆயினும் நடத்தலையும் உடற்பயிற்சியையும் விட்டுவிடுமாறு இன்றைய மருத்துவம் கூறுவதில்லை. இன்று கிடைக்கும் மருந்துகள் இருந்திருப்பின் ரெனுவாருக்கு அத்தகைய முடிவு தேவைப்பட்டிருக்குமா என்பது ஐயமே.

உதவியவர்கள்

ரெனுவாரின் விடாமுயற்சியைப் புகழ்வோர் பலர், அவரைச் சுற்றி நின்றவர்களின் உழைப்பை மறந்துவிடுகின்றனர். மனைவி அலீன் வீட்டையும் தோட்டத்தையும் பராமரித்து, நோயாளிக்கு வேண்டிய அனைத்தையும் ஏற்பாடு செய்தார். அலீனின் உறவினரான காப்ரியேல் ரெனார் (1878–1959), சான் பிறந்த 1894 ஆம் ஆண்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்தவர். பின்னர் ரெனுவாரின் ஓவியங்களுக்கு உருமாதிரியாக அமர்ந்ததோடு, தூரிகை தருதல், வண்ணத்தட்டைத் துடைத்தல், கைகளுக்குத் துணி சுற்றுதல் ஆகிய பணிகளையும் செய்தார். சமையற்காரர், தோட்டக்காரர், செவிலியர் எனப் பலரும் அவரைத் தூக்கவும் நகர்த்தவும் உதவினர்.

ஓவியங்கள் நல்ல விலைக்கு விற்ற காலம் அது. அதனால் இத்தகைய ஏற்பாடுகளுக்கு ரெனுவாரிடம் பொருள் இருந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன், வறுமையில் இருந்தபோது இந்நோய் வந்திருந்தால் அவரது கலை வாழ்வு வேறு விதமாக முடிந்திருக்கக்கூடும். அக்காலத்தில் இதே நோயால் வேலை இழந்த தையற்காரருக்கும் பீங்கான் தொழிலாளிக்கும் இவ்வசதி இல்லை.

சிற்பங்கள்

1913 இல் ஓவிய வணிகர் அம்புருவாசு வோலாரின் முயற்சியால் ரெனுவார் சிற்பப் பணியில் இறங்கினார். களிமண்ணைப் பிசைய அவரது கைகளால் இயலாது. எனவே ரிசார் கினோ (1890–1973) என்ற இளம் சிற்பி, ரெனுவாரின் ஓவியங்களையும் வாய்மொழிக் குறிப்புகளையும் கொண்டு சிற்பங்களை வடித்தார். வெற்றி வீனசு என்னும் பெரிய உருவச்சிலை இவ்வாறு உருவானது. இப்பணி 1917 வாக்கில் முடிவுற்றது. அச்சிற்பங்கள் நெடுங்காலம் ரெனுவாரின் பெயரிலேயே வழங்கின. பின்னர் கினோ தொடுத்த வழக்கில் அவர் இணைப் படைப்பாளர் என ஏற்கப்பட்டு, 1973 இல் பிரான்சின் உயர் முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

போரும் இறுதி ஆண்டுகளும்

முதலாம் உலகப் போரில் பியர், சான் இருவரும் படுகாயமுற்றனர். சான் அதன் பின் வாழ்நாள் முழுவதும் காலைச் சாய்த்தே நடந்தார். மகனை மருத்துவமனையில் பார்த்துத் திரும்பிய அலீன், 1915 சூன் மாதத்தில் நீசு நகரில் காலமானார். அவர் நீரிழிவு நோயாளி. மனைவியை இழந்த பின்னும் ரெனுவார் வரைவதைத் தொடர்ந்தார். அந்திரே எசுலிங் என்ற இளம்பெண் அவரது கடைசிக் காலத்து உருமாதிரியாக இருந்தார். இவரை சான் பின்னர் மணந்தார். ஓவியர் ஆன்றி மத்தீசு இக்காலத்தில் லே கொலெத்துக்கு வந்து ரெனுவாரைச் சந்தித்தார்.

பெரிய நீராடும் மகளிர் என்னும் ஓவியம் 1918–1919 இல் வரையப்பட்டது. 110 செ.மீ உயரமும் 160 செ.மீ அகலமும் கொண்ட இவ்வோவியத்தை, ரெனுவாரின் மகன்கள் 1923 இல் பிரான்சு அரசுக்கு அளித்தனர். அது இப்போது ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ளது. 1919 இல் ரெனுவார் லூவர் அருங்காட்சியகத்திற்கு நாற்காலியில் தூக்கிச் செல்லப்பட்டு, இளமையில் தாம் பார்த்து வரைந்த மேதைகளின் ஓவியங்களைக் கடைசி முறையாகக் கண்டார். அதே ஆண்டு டிசம்பர் 3 ஆம் நாள் நுரையீரல் நோயினால் லே கொலெத்தில் தம் 78 ஆவது வயதில் இறந்தார். இறப்பதற்கு முன்புவரை மலர்களை வரைந்துகொண்டிருந்தார் எனக் கூறப்படுகிறது. அவரது உடல் பின்னர் எசுவா ஊரில் அடக்கம் செய்யப்பட்டது.

பிற்கால ஓவியங்களின் மதிப்பீடு

ரெனுவாரின் பிற்கால ஓவியங்களைப் பற்றி ஒருமித்த கருத்து இல்லை. செந்நிறம் மிகுந்த, பருத்த பெண்ணுருவங்களை அவருடன் பழகிய ஓவியர் மேரி கசாட்டே விரும்பவில்லை. மாறாக, மத்தீசும் பிக்காசோவும் அவற்றை உயர்வாக மதித்தனர். கோடுகள் தளர்ந்து வண்ணங்கள் கலந்து நிற்பதற்கு நோயே காரணம் என்பார் உளர். ஆனால் அம்முறைக்கு அவர் திரும்பியது 1890களிலேயே ஆகும். கை முற்றிலும் முடங்கிய பின் வரைந்த சிறு ஓவியங்களிலும் முகங்கள் நுட்பமாக அமைந்துள்ளன. எனவே நோயை மட்டுமே காரணமாகக் கூறுவது பொருந்தாது.

மருத்துவ நோக்கில்

ரெனுவார் வாழ்ந்த காலத்தில் முடக்கு வாதத்தை உறுதி செய்யும் இரத்தச் சோதனை இல்லை. நிழற்படங்கள், கடிதங்கள், உடனிருந்தோர் குறிப்புகள் ஆகியவற்றைக் கொண்டே அவரது நோய் இன்னதெனத் தீர்மானிக்கப்பட்டது. 1997 இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளிவந்த கட்டுரை, அவர் நோயை எதிர்கொண்ட முறைகளை மருத்துவர்களின் நோக்கில் ஆராய்ந்தது. ஓவிய வண்ணங்களில் இருந்த கன உலோகங்கள் நோய்க்குக் காரணமாயிருக்கலாம் என்று 1988 இல் ஒரு கருத்து முன்வைக்கப்பட்டது. அது நிறுவப்படவில்லை.

1948 இல் கார்டிசோன் என்னும் மருந்து முடக்கு வாதத்திற்கு முதன்முறையாகப் பயன்படுத்தப்பட்டது. இதே நோயால் முடங்கியிருந்த மற்றொரு பிரான்சு ஓவியர் ராவுல் தூபி (1877–1953), 1950 இல் பாசுடன் நகரில் அம்மருந்தைப் பெற்று ஓரளவு நலமடைந்து மீண்டும் வரைந்தார். பின்னர் மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகள் வந்தமையால், தொடக்கத்திலேயே மருத்துவம் பெறுவோருக்கு ரெனுவாருக்கு நேர்ந்த அளவு மூட்டுச் சிதைவு ஏற்படுவது பெரிதும் குறைந்துள்ளது.

நினைவிடங்கள்

லே கொலெத் தோட்டத்தை 1960 இல் கான்யே-சூர்-மேர் நகராட்சி வாங்கி அருங்காட்சியகமாக்கியது. ரெனுவாரின் ஓவியக்கூடம், சக்கர நாற்காலி, ஓவியத் தாங்கி ஆகியவற்றை அங்கே காணலாம். சான் ரெனுவார் 1959 ஆம் ஆண்டுத் திரைப்படம் ஒன்றின் காட்சிகளை இத்தோட்டத்தில் எடுத்தார். எசுவா ஊரில் குடும்பம் வாழ்ந்த வீடும் ஓவியக்கூடமும் பார்வையாளருக்காகப் பேணப்படுகின்றன. ரெனுவாரின் இறுதி ஆண்டுகளைக் கூறும் பிரெஞ்சுத் திரைப்படம் ஒன்று 2012 இல் வெளியானது.

இவற்றையும் பார்க்க

உணர்வுப்பதிவுவாதம்
குளோட் மோனே
சான் ரெனுவார்
ராவுல் தூபி
முடக்கு வாதம்